லினக்ஸில் டிஸ்க் கணக்கெடுப்பு: ஸ்கிரிப்ட் எழுத ஒரு முழு வழிகாட்டி

நல்ல டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, கெட்டதை உள்ளேயே விட்டவன் நான். ஒரு பேக்கப் இயந்திரத்தில் இரண்டு டிஸ்க்குகள், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும் ரெய்டு ஏற்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தன. நான் எழுதிய ஸ்கிரிப்ட் ஓர் இரவு மின்னஞ்சல் அனுப்பியது: "எஸ்டிபி டிஸ்க்கில் கோளாறு." காலையில் போனேன். இயந்திரத்தை அணைத்தேன். பி என்றால் இரண்டாவதுதானே என்று இரண்டாவது தட்டில் இருந்ததை உருவினேன். அதற்குச் சில நாட்கள் முன்பு நானே ஒரு யூஎஸ்பி டிஸ்க்கைச் செருகி வைத்தபடி இயந்திரத்தை ரீபூட் செய்திருந்தேன். அதில் பெயர்கள் ஓர் இடம் தள்ளிப் போயிருந்தன. எஸ்டிபி என்று ஸ்கிரிப்ட் சொன்னது முதல் தட்டில் இருந்ததை. வேறோர் இடத்தில் முந்தைய நாள் பிரதி இருந்ததால் பிழைத்தேன்.

லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு இடும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் பந்தியில் கிடைத்த இலை மாதிரி. லினக்ஸின் மையமான கெர்னல் யாரை முதலில் கண்டதோ அவருக்கு முதல் இலை. அடுத்த பந்தியில் அதே இலையில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். ஆள் யார் என்று தெரிய வேண்டுமானால் ஆளைத்தான் கேட்க வேண்டும். டிஸ்க் விஷயத்தில் அதன் சீரியல் எண்ணை. எந்தெந்த டிஸ்க் இருக்கிறது, நலமா என்று தினமும் பதிந்து நேற்றோடு ஒப்பிடும் ஸ்கிரிப்டை எழுதப் போகிறோம். இந்த வழிகாட்டியில் வரும் எல்லாப் படிகளும் அந்த ஒரு விதியைச் சுற்றியே போகும்.

தொடங்கும் முன் ஒன்று. கட்டளைகளை இங்கே ஒலிக்கிறபடி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். முடிந்தவரை ஓரெழுத்துச் சுருக்கங்களைத் தவிர்த்து, இரட்டைக் கோடு போட்ட முழுச்சொல் விருப்பங்களையே எழுதுகிறேன். ஸ்கிரிப்டில் அதுதான் நல்ல பழக்கமும்கூட: ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்க்கும்போது ஒற்றை எழுத்து எதைக் குறித்தது என்று கையேட்டைப் புரட்ட வேண்டியிருக்காது.

முதல் படி: எல்எஸ்பிஎல்கே

டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளை யூட்டில்-லினக்ஸ் தொகுப்போடு வருவது. அநேகமாக எல்லா லினக்ஸிலும் ஏற்கெனவே இருக்கும். முதலில் வெறுமனே அதை ஓட்டிப் பாருங்கள். சாட்டா, யூஎஸ்பி டிஸ்க்குகள் எஸ்டி என்று தொடங்கும். என்விஎம்இ வகை எஸ்எஸ்டி என்விஎம்இ0என்1 என்று வரும். முதல் எண் கன்ட்ரோலருக்கு, 'என்' என்ற எழுத்துக்குப் பின் வருவது நேம்ஸ்பேஸுக்கு, அதாவது கன்ட்ரோலரின் கீழ் உள்ள சேமிப்புப் பகுதிக்கு. ராஸ்பெரி பையின் மெமரி கார்டு எம்எம்சிபிஎல்கே0. மெய்நிகர் இயந்திரத்தில் பெரும்பாலும் விடிஏ. உபுண்டு என்றால் லூப் என்று தொடங்கும் ஒரு கூட்டமே நிற்கும். அவை ஸ்நாப் தொகுப்புகள், டிஸ்க்குகள் அல்ல.

இதுவரை மனிதக் கண்ணுக்கானது. ஸ்கிரிப்டுக்கு இப்படி:

எல்எஸ்பிஎல்கே --ஜேசன் --பைட்ஸ் --நோடெப்ஸ் --அவுட்புட் நேம்,டைப்,சைஸ்,மாடல்,சீரியல்,டபிள்யூடபிள்யூஎன்,ரோடா,டிரான்

ஜேசன் என்றால் ஒவ்வொரு மதிப்பையும் அதன் பெயரோடு சேர்த்துத் தரும் எழுத்து வடிவம். நோடெப்ஸ் என்றால் பார்ட்டிஷன்கள் (டிஸ்க்கின் பிரிவுகள்) வேண்டாம், டிஸ்க் மட்டும் போதும் என்று பொருள். பைட்ஸ் போட்டால் '931.5ஜி' என்று சுருக்காமல் முழு எண்ணையும் தரும். டிரான் என்பது டிஸ்க் எந்த வழியாக இணைக்கப்பட்டிருக்கிறது என்பது: சாட்டா, யூஎஸ்பி, என்விஎம்இ. ரோடா என்றால் சுழலும் தட்டு உண்டா இல்லையா.

ஜேசன் எதற்கு, வரியை வெற்றிடம் வரும் இடங்களில் பிரிக்கும் ஆக் கட்டளையால் மூன்றாவது பத்தியை, அதாவது நெடுவரிசையை, வெட்டினால் போதாதா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 'சாம்சங் எஸ்எஸ்டி 870 ஈவோ 1டிபி' என்ற மாடல் பெயரில் ஐந்து சொற்கள். ஆக் அதை ஐந்து பத்திகளாக எண்ணும். ஒரு டிஸ்க்குக்குச் சீரியல் எண் காலியாக இருந்தால் அடுத்த பத்தி முன்னால் நகர்ந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. தப்பான எண் சரியான எண்ணைப் போலவே பதிவாகும். பல வாரம் கழித்துத்தான் தெரியும்.

ஜேசனைப் பிரிக்க ஜேக்யூ என்ற சிறு கருவி வேண்டும். எந்த விநியோகத்திலும் அதே பெயரில் கிடைக்கும். முதல் வடிகட்டல்:

.பிளாக்டிவைசஸ்[] | செலக்ட்(.டைப் == "டிஸ்க்")

லூப், சிடி டிரைவ் எல்லாம் இதோடு விலகிவிடும். ஆனால் இசட்ரேம் விலகாது. நினைவகத்தையே சுருக்கி ஸ்வாப்பாகப் பயன்படுத்தும் அந்தப் போலி டிஸ்க்கும் தன்னை 'டிஸ்க்' வகை என்றுதான் சொல்லிக்கொள்ளும். ஃபெடோராவில் இதை எப்போதும் காணலாம். பெயர் இசட்ரேம் என்று தொடங்கினால் தள்ளிவிடுங்கள்.

அடுத்து வருவது எனக்கு ஒரு மாலைப் பொழுதைத் தின்ற சங்கதி. ஜேக்யூ தரும் மதிப்புகளை டேப் குறியால் பிரித்து, ஸ்கிரிப்டை ஓட்டும் பேஷின் ரீட் கட்டளைக்குக் கொடுப்பது எல்லோரும் செய்வது. பேஷுக்கு டேப்பும் ஒரு வெற்றிடம்தான். அடுத்தடுத்து இரண்டு டேப் வந்தால் ஒன்றாக விழுங்கிவிடும். காலி இடம் காணாமல் போய், பத்திகள் மறுபடி நகரும். அதாவது ஜேசன் வேண்டும் என்று சொன்ன அதே சிக்கல், பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. ஆகவே காலி மதிப்புக்கெல்லாம் ஒரு சிறு கோட்டை நிரப்ப வேண்டும். அதற்கு ஜேக்யூவில் இரட்டைச் சாய்கோடு இருக்கிறதே என்று கை போகும். அதிலும் பொறி: அந்தக் குறி 'இல்லை' என்ற மதிப்பை மட்டுமல்ல, 'பொய்' என்ற மதிப்பையும் காலி என்றே எடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்டியின் ரோடா பொய்தானே? உங்கள் எஸ்எஸ்டி எல்லாம் கோடாக மாறிவிடும். வெற்றுச் சரத்தையோ, அதாவது எழுத்தே இல்லாத மதிப்பையோ, அது தொடவே தொடாது. ஆகவே குறுக்குவழி வேண்டாம். மதிப்பு 'இல்லை' (ஜேக்யூ மொழியில் நல்) அல்லது வெற்றுச் சரம் என்றால் கோடு, இல்லாவிட்டால் சரமாக மாற்றும் டுஸ்டிரிங் என்று ஒரு சிறு செயல்கூறை எழுதி, எல்லாப் புலங்களையும் அதன் வழியாக அனுப்புங்கள். டுஸ்டிரிங் இன்னொரு உபகாரமும் செய்யும்: பழைய எல்எஸ்பிஎல்கே பதிப்புகள் ரோடாவை மேற்கோள் குறிக்குள் '1' என்று தரும், புதியவை மெய், பொய் என்று தரும். இரண்டும் சரமாகிவிட்டால் ஒப்பிட வசதி.

இரண்டாம் படி: கெர்னலையே கேட்பது

எல்எஸ்பிஎல்கே சொல்லும் மாடல், சீரியல் போன்றவை பெரும்பாலும் யூடெவ் என்ற, சாதனங்களைக் கவனித்துப் பெயரிடும் பின்னணிச் சேவை சேகரித்து வைத்த தகவல். கன்டெய்னருக்குள்ளோ, மீட்புச் சூழலிலோ யூடெவ் ஓடாமல் இருந்தால் அந்தப் பத்திகள் காலியாகலாம். அப்போது கைகொடுப்பது, கெர்னல் தன் தகவலைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ் அடைவு. /சிஸ்/பிளாக் உள்ளே ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஓர் அடைவு. அதற்குள் ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு. சாதாரண கேட் கட்டளை போதும், ரூட் (நிர்வாகி) அனுமதிகூடத் தேவையில்லை.

/சிஸ்/பிளாக்/எஸ்டிஏ/சைஸ் கோப்பைப் படித்தால் ஒரு டெராபைட் டிஸ்க்குக்கு வழக்கமாக 1953525168 என்று வரும். இது பைட் அல்ல, 512 பைட் கொண்ட செக்டர்களின் எண்ணிக்கை. பெருக்கினால் 1,000,204,886,016 பைட். டிஸ்க்கின் உண்மையான செக்டர் அளவு 4096 ஆக இருந்தாலும் இந்தக் கோப்பு மட்டும் எப்போதும் 512 கணக்கில்தான் பேசும். பக்கத்திலேயே கியூ அடைவில் லாஜிக்கல்_பிளாக்_சைஸ் என்று ஒரு கோப்பு இருப்பதைப் பார்த்துவிட்டு அதனால் பெருக்கினால், 4096 டிஸ்க்குகளில் எட்டு மடங்கு கொள்ளளவு காட்டுவீர்கள்.

'கடையில் ஒரு டெராபைட் என்று வாங்கியது ஏன் 931 காட்டுகிறது' என்ற பழைய சண்டையும் இங்கேதான். தயாரிப்பாளர் ஆயிரத்தால் வகுக்கிறார், எல்எஸ்பிஎல்கே 1024 ஆல் வகுக்கிறது, யாரும் ஏமாற்றவில்லை. ஸ்கிரிப்டில் கடைசிவரை பைட்டிலேயே வைத்திருங்கள். மனிதருக்குக் காட்டும் அந்த ஒரு வரியில் மட்டும் வகுத்தால் போதும்.

டிவைஸ் அடைவில் இருக்கும் மாடல் கோப்பை முழுசாக நம்ப வேண்டாம். சாட்டா டிஸ்க்குகளும் லினக்ஸில் ஸ்கஸி என்ற வேறோர் இணைப்பு முறையின் வேடத்தில்தான் வருகின்றன. ஸ்கஸி மரபில் மாடலுக்கு ஒதுக்கிய இடம் 16 எழுத்து, சாட்டா மரபில் 40. ஆகவே நீண்ட பெயர்கள் பாதியில் வெட்டுப்படும். வெண்டர் கோப்பிலும் தயாரிப்பாளர் பெயர் இருக்காது, ஏடிஏ என்றே இருக்கும். யூடெவ் டிஸ்க்கையே நேரடியாகக் கேட்டு முழுப் பெயரை எடுத்து வைக்கிறது. அது கிடைக்கும்போது அதையே எடுங்கள், கிடைக்காதபோது சிஸ்.

ரிமூவபிள் என்ற கோப்பும் ஏமாற்றும். பென் டிரைவுக்குப் பெரும்பாலும் 1 வரும், யூஎஸ்பியில் தொங்கும் பெரிய ஹார்ட் டிஸ்க்குக்கு 0 வரும். வெளி டிஸ்க்கா என்று அறிய டிரான் பத்தியே மேல். ரொட்டேஷனல் கோப்பும் அப்படித்தான்: மெய்நிகர் இயந்திரத்திலும் சில யூஎஸ்பி பெட்டிகளிலும் எஸ்எஸ்டிக்கே 1 என்று சொல்லும். அங்கே அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

மூன்றாம் படி: ஆளை அடையாளம் காண்பது

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். /டெவ்/டிஸ்க் அடைவுக்குள் யூடெவ் சில துணை அடைவுகளை வைத்திருக்கிறது. பை-ஐடி உள்ளே மாடலும் சீரியலும் சேர்ந்த பெயர்கள். பை-பாத் உள்ளே எந்தக் கன்ட்ரோலர், எந்தப் போர்ட் என்ற விவரம். பை-யூயூஐடி உள்ளே ஃபைல் சிஸ்டத்தின் அடையாளம். இது டிஸ்க்கின் அடையாளம் அல்ல. ஒரு டிஸ்க்கை அப்படியே பிரதி எடுத்தால் யூயூஐடியும் கூடவே பிரதியாகிவிடும். ஆகவே கணக்கெடுப்புக்கு அது உதவாது.

என் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு பதிவுக்கும் திறவுகோல் சீரியல் எண். அது இல்லாவிட்டால் டபிள்யூடபிள்யூஎன், அதாவது தயாரிப்பின்போதே டிஸ்க்குக்கு இடப்படும் உலகளாவிய எண். இரண்டும் இல்லாவிட்டால் 'அடையாளமற்றது' என்று பதிந்து எச்சரிக்கை தருவேன். எஸ்டிபி போன்ற பெயரையும் சேமிக்கிறேன், 'இந்த முறை எந்த இலை' என்ற குறிப்பாக மட்டும்.

யூஎஸ்பி டாக், அதாவது டிஸ்க்கைச் செருகி யூஎஸ்பியில் இணைக்கும் பெட்டி, ஒரு தனித் தொல்லை. அதில் செருகிய டிஸ்க்கின் எண்ணுக்குப் பதில் டாக்கின் எண்ணையே சில காட்டும். மலிவான சிலவற்றில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே எண்! இரண்டு டிஸ்க்குகளை மாற்றி மாற்றிச் செருகினால் ஸ்கிரிப்டுக்கு இரண்டும் ஒன்றே. ஐந்தாம் படியில் வரும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளைக்கு --டிவைஸ்=சாட் என்று கொடுத்தால் பல டாக்குகள் வழிவிட்டு உள்ளிருக்கும் டிஸ்க்கின் உண்மையான எண்ணைத் தரும். டிரான் யூஎஸ்பி என்றால் அந்த வழியில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ஒரே ஓட்டத்தில் ஒரே எண் இரண்டு முறை வந்தாலும் கத்த வேண்டும்.

பெயரை வெட்டி ஒட்டி எதையும் ஊகிக்காதீர்கள். 'எஸ்டிஏ1 என்பதில் கடைசி இலக்கத்தை எடுத்தால் டிஸ்க்' என்ற சூத்திரம் என்விஎம்இ0என்1பி1 வந்ததும் உடையும். எஸ்டி என்பதற்குப் பின் ஓரெழுத்து என்று தேடினால், 27ஆவது டிஸ்க்குக்கு எஸ்டிஏஏ என்று பெயர் வரும்போது உடையும். பார்ட்டிஷனின் தாய் எது என்று எல்எஸ்பிஎல்கேயின் பிகேநேம் பத்தியே சொல்கிறது.

கணினிக்கு வெளியே ஒரு வேலையும் உண்டு. ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணிலும் கடைசி நான்கு எழுத்தை ஒரு சிறு ஸ்டிக்கரில் எழுதி, தட்டின் முகப்பில் ஒட்டுங்கள். மின்னஞ்சலிலும் அதே நான்கு எழுத்து முதலில் வரட்டும். இருட்டான சர்வர் அறையில் பை-பாத் முகவரியைப் படித்துப் போர்ட் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

நான்காம் படி: டிஸ்க்கின் மேல் என்ன இருக்கிறது

நோடெப்ஸை எடுத்துவிட்டு ஓட்டினால், ஜேசனில் ஒவ்வொரு டிஸ்க்கின் கீழும் சில்ட்ரன் என்ற பட்டியல் வரும்: பார்ட்டிஷன், அதன் கீழ் லக்ஸ் என்ற மறையாக்கப் பூட்டு, அதன் கீழ் இடத்தைப் பங்கிடும் எல்விஎம் என்று மரமாக இறங்கும். ஜேக்யூவில் இரட்டைப் புள்ளி போட்டு மரம் முழுக்கத் தேடலாம். ஒரு கவனம் வேண்டும். இரண்டு டிஸ்க்குகள் சேர்ந்த எம்டி0 ரெய்டு இரண்டு தாயின் கீழும் ஒவ்வொரு முறை வரும். கூட்டிப் பார்த்தால் இல்லாத இடம் இருப்பதாகத் தெரியும். பெயரால் ஒன்றாக்கிவிட்டு அப்புறம் கூட்டுங்கள்.

ரெய்டின் நலத்துக்கு /ப்ராக்/எம்டிஸ்டாட் கோப்பு போதும். சதுர அடைப்புக்குள் யூயூ என்றால் இருவரும் நலம். ஒரு யூ இருக்க வேண்டிய இடத்தில் அடிக்கோடு இருந்தால் ஒருவர் இல்லை.

எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதற்கு டிஎஃப் கட்டளை. --லோக்கல் போடாவிட்டால், வலையமைப்பு வழியாகக் கோப்புகளைத் தரும், செத்துப்போன என்எஃப்எஸ் சர்வர் ஒன்றுக்காக ஸ்கிரிப்ட் மணிக்கணக்கில் காத்து நிற்கும். ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் வழக்கமாக ரூட்டுக்கென்று 5 சதவீதத்தை ஒதுக்கி வைக்கிறது. ஆகவே பயன்பட்டதையும் மிச்சத்தையும் கூட்டினால் மொத்தம் வராது. கணக்குப் பிழை என்று பதற வேண்டாம். இடம் இருந்தும் ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்துபோகலாம் என்பதால் --ஐநோட்ஸ் போட்டும் ஒரு முறை ஓட்டிவிடுங்கள்.

ஐந்தாம் படி: உடம்பு எப்படி இருக்கிறது

டிஸ்க் தன் நலத்தைத் தானே பதிந்து வைக்கும் ஏற்பாட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பை நிறுவினால் அதைப் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கிடைக்கும். 2018 கடைசியில் வந்த 7.0 பதிப்பிலிருந்து அதுவும் ஜேசன் பேசுகிறது. அதற்கு முந்தைய பதிப்பு இருக்கும் இயந்திரம் என்றால், ஸ்கிரிப்டை வளைப்பதைவிடக் கருவியைப் புதுப்பிப்பது குறைந்த வேலை.

ஸ்மார்ட்சிடிஎல் --ஜேசன் --ஆல் --நோசெக்=ஸ்டான்ட்பை /டெவ்/எஸ்டிஏ

கடைசி விருப்பம் தூங்கும் டிஸ்க்கை எழுப்பாமல் இருக்க. வீட்டில் ஓரமாக ஓடும் சேமிப்புப் பெட்டியில் மணிக்கொரு தரம் டிஸ்க்கை உலுக்கி எழுப்பி 'நலமா' என்று கேட்டால், அந்தக் கேள்வியே அதற்குத் தேய்மானம். தூங்கினால் இந்தக் கட்டளை 2 என்ற வெளியேறு எண்ணோடு திரும்பும். அது கோளாறு அல்ல. நேற்றைய பதிவையே வைத்துக்கொண்டு அடுத்த டிஸ்க்குக்குப் போகலாம்.

அந்த வெளியேறு எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ஸ்கிரிப்டுகள் இங்கேதான் கவிழ்கின்றன. வழக்கமாக 0 என்றால் வெற்றி, மற்றதெல்லாம் தோல்வி. ஸ்மார்ட்சிடிஎல் அப்படி அல்ல. அதன் எண் எட்டு பிட்களின் கூட்டு. 1 என்றால் கட்டளையைத் தப்பாகத் தட்டியிருக்கிறீர்கள். 2 என்றால் டிஸ்க்கைத் திறக்க முடியவில்லை, அல்லது மேலே சொன்ன தூக்கம். 4 என்றால் டிஸ்க்குக்கு அனுப்பிய கோரிக்கைகளில் ஏதோ ஒன்று பலிக்கவில்லை. 8 என்றால் டிஸ்க்கே தன்னைத் தோற்றுவிட்டதாக அறிவிக்கிறது. 16, ஏதோ ஒரு முக்கியப் பண்பு இப்போது வரம்பைத் தாண்டி விழுந்திருக்கிறது. 32, முன்பு எப்போதோ விழுந்தது. 64, பிழைப் பதிவேட்டில் பழைய பிழை இருக்கிறது. 128, சுயசோதனையில் பிழை.

மூன்று வருடம் முன் கேபிள் தளர்ந்து ஒரு பிழை பதிவான டிஸ்க் இன்றும் 64 என்றே திரும்பும். ஸ்கிரிப்டின் தலையில் 'பிழை வந்தால் நின்றுவிடு' என்று செட் -இ போட்டிருந்தால், அந்த ஒரு டிஸ்க்கோடு கணக்கெடுப்பே நின்றுபோகும். மிச்ச டிஸ்க்குகளை யாரும் பார்க்கவில்லை என்பதுகூடத் தெரியாது. ஆகவே செட் -இ வேண்டாம். எண்ணை ஒரு மாறியில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பிட்டாகச் சோதியுங்கள். 8 இருந்தால் அவசரம், 16 இருந்தால் இன்றே கவனிக்க வேண்டியது, 32-உம் 64-உம் நேற்று இல்லாமல் இன்று முளைத்திருந்தால் மட்டும் செய்தி.

ஸ்மார்ட் பதில் 'பாஸ்டு' (தேறியது) என்று வந்தால் நிம்மதியாகத் தூங்கலாமா? முடியாது. அது மிகத் தாழ்வான கோடு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செத்துப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேல் நான்கு வலுவான ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. அறிகுறி காட்டாமல் போகும் டிஸ்க்குக்குப் பேக்கப்தான் பதில், ஸ்கிரிப்ட் அல்ல. ஆனால் அதே ஆய்வு மறுபக்கத்தையும் சொன்னது: முதல் ஸ்கேன் பிழை (தன் பரப்பைப் பின்னணியில் சோதிக்கும்போது காணும் பிழை) தோன்றிய டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. அறிகுறி காட்டினால் அலட்சியம் கூடாது.

எந்த எண்களைப் பார்ப்பது? சாட்டா டிஸ்க்கில் பண்பு 5, மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள். 197, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். 198, பின்னணிச் சோதனையிலும் மீளாதவை. 187, திருத்த முடியாத பிழைகள். இவை 0 ஆக இருப்பதே இயல்பு. 199 உயர்ந்தால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே தகவல் சிதைகிறது என்று பொருள், பெரும்பாலும் கேபிள்தான். மாற்றினாலும் எண் குறையாது, ஏறுவது நிற்கும். பண்பு 1, 7 இரண்டையும் விட்டுவிடுங்கள்: சீகேட் டிஸ்க்குகளில் அவற்றின் மூல எண் பல கோடிகளில் இருக்கும், அது பிழை எண்ணிக்கை அல்ல. அதைப் பார்த்துப் பயந்து மாற்றப்பட்ட நல்ல டிஸ்க்குகள் எத்தனையோ.

ஓடிய மணிநேரம், வெப்பநிலை இரண்டுக்கும் மூல எண்ணைத் தோண்ட வேண்டாம். ஒரே எண்ணுக்குள் வேறு தகவலையும் அடைத்து வைக்கும் தயாரிப்பாளர்கள் உண்டு. ஜேசனில் பவர்_ஆன்_டைம், டெம்பரேச்சர் என்று தனியாகவே இருக்கின்றன, சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் ஒரே வடிவில்.

என்விஎம்இயில் பண்பு எண்களே கிடையாது. கிரிட்டிக்கல் வார்னிங் 0 அல்லாமல் வந்தால் உடனே பாருங்கள். அவைலபிள் ஸ்பேர் அதன் வரம்பை நெருங்குகிறதா, மீடியா எர்ரர்ஸ் ஏறுகிறதா என்று பாருங்கள். பர்சன்டேஜ் யூஸ்ட் என்பது எவ்வளவு நிரம்பியது என்பதல்ல, ஆயுளில் எவ்வளவு தீர்ந்தது என்பது. நூறைத் தாண்டியும் போகும், 255 வரை. நூறானதும் செத்துவிடும் என்றில்லை. எழுதிய அளவு 'டேட்டா யூனிட்' கணக்கில் வரும். ஒரு யூனிட் 512,000 பைட்.

வன்பொருள் ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்குகள் நேராகத் தெரியாது. --ஸ்கேன் போட்டால் எந்த வழியில் கேட்க வேண்டும் என்று ஸ்மார்ட்சிடிஎல்லே பட்டியல் தரும். மெய்நிகர் இயந்திரத்தில் இந்தப் படி முழுவதையும் தாண்டிவிடலாம். அங்கே டிஸ்க் என்பது பெரும்பாலும் வேறொரு கணினியின் கோப்பு.

ஆறாம் படி: ஒன்றாகச் சேர்ப்பது

ஸ்கிரிப்டின் தலையில் மூன்று விஷயம். எல்சி_ஆல் மாறிக்கு சி என்று கொடுங்கள். மொழி அமைப்பு வேறாக உள்ள இயந்திரத்தில் தலைப்புகள் மொழிபெயர்ந்தும், புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வந்தும் குழப்பும். கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியலான பாத் மாறியில் /யூஎஸ்ஆர்/எஸ்பின் சேருங்கள். செட் -யூ போடுங்கள், வரையறுக்காத மாறியைப் பயன்படுத்தினால் உடனே தெரியும். பிறகு தேவையான கருவிகள் இருக்கின்றனவா என்று கமாண்ட் -வி கொண்டு சோதித்து, இல்லாததின் பெயரைச் சொல்லி வெளியேறட்டும்.

அடுத்து சுழற்சி. முதல் படியின் பட்டியலிலிருந்து ஒரு டிஸ்க், அதற்கு ஸ்மார்ட்சிடிஎல், வெளியேறு எண், பதிவு. ஒவ்வொரு ஸ்மார்ட்சிடிஎல் அழைப்புக்கும் முன்னால் டைம்அவுட் 30 என்று போடுங்கள். சாகிற டிஸ்க் பதில் சொல்லாமல் இழுத்தடிக்கும், அந்த நேரத்தில்தான் ஸ்கிரிப்ட் உயிரோடு இருக்க வேண்டும். ஒரு டிஸ்க்குக்கு ஒரு வரி ஜேசன். அந்த வரியை எக்கோவும் மேற்கோள் குறிகளும் வைத்துக் கையால் கட்டாதீர்கள். ஜேக்யூவுக்கு --ஆர்க் வழியாக மதிப்புகளைக் கொடுத்தால் குறிகளை அதுவே பார்த்துக்கொள்ளும்.

எல்எஸ்பிஎல்கேயில் --பேர்ஸ் என்று ஒரு விருப்பம் உண்டு; 'பெயர்="மதிப்பு"' என்று தரும். அதை, கொடுத்த எழுத்தைக் கட்டளையாகவே ஓட்டும் ஈவாலுக்குள் போட்டால் நொடியில் எல்லாம் மாறிகளாகிவிடும் என்று பல இடங்களில் சொல்லித்தருகிறார்கள். வேண்டாம். பென் டிரைவின் லேபிளில் என்ன எழுதுவது என்பதை அதன் சொந்தக்காரர் தீர்மானிக்கிறார். அதை ரூட் அனுமதியோடு ஓடும் ஈவாலிடம் கொடுப்பது வாசலைத் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போவது.

பதிவுகளை முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி, எல்லாம் முடிந்ததும் எம்வி கொண்டு உரிய பெயருக்கு மாற்றுங்கள். இரண்டும் ஒரே ஃபைல் சிஸ்டத்தில் இருந்தால் அது ஒரே நொடி வேலை; பாதி எழுதிய பட்டியலை யாரும் படிக்க நேராது.

ஏழாம் படி: நேற்றோடு ஒப்பிடுவது

தனியாக ஒரு நாள் பட்டியலுக்குப் பெரிய மதிப்பில்லை. நேற்றைய கோப்பையும் இன்றையதையும் சீரியல் எண்ணால் பொருத்திப் பார்த்தால்தான் கதை தெரியும். புதிதாக ஓர் எண் வந்திருக்கிறதா? இருந்த எண் காணவில்லையா? இருக்கிற எண்ணின் 5, 197, 198, 199 ஏறியிருக்கிறதா? ஐந்தாம் படியின் வெளியேறு எண் எச்சரிக்கைகளைத் தவிர, இந்த மூன்றுக்கும் மட்டும் மின்னஞ்சல். எஸ்டிஏ எஸ்டிபி ஆகிவிட்டது என்பதற்கு வேண்டாம்.

197 ஒரேயடியாக 0இலிருந்து 8க்குத் தாவினால் மிரள வேண்டாம். பல டிஸ்க்குகளில் உள்ளே செக்டர் 4096 பைட், வெளியே சொல்வது 512. ஓர் உள் செக்டர் கெட்டால் எட்டு என்று எண்ணும். எட்டானாலும் ஒன்றானாலும் அன்றைக்கே பேக்கப்பைச் சரிபாருங்கள். மாற்று டிஸ்க் வாங்குவதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.

தினமும் 'எல்லாம் நலம்' என்று அனுப்பும் ஸ்கிரிப்டை இரண்டாவது வாரத்திலிருந்து யாரும் படிப்பதில்லை. முற்றிலும் மௌனமான ஸ்கிரிப்டோ செத்தே போயிருக்கலாம். வாரம் ஒரு வரி என்பது எனக்குச் சரிப்பட்டது: எத்தனை டிஸ்க், எத்தனைக்கு ஸ்மார்ட் பதில் வந்தது. முதல் எண்ணும் இரண்டாம் எண்ணும் வேறானால் போய்ப் பார்ப்பேன்.

எட்டாம் படி: தானாக ஓட விடுவது

கையால் ஓட்டினால் சரியாக ஓடும் ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் 'ஸ்மார்ட்சிடிஎல் இல்லை' என்கிறதா? டெபியன் வகைகளின் பல பதிப்புகளில் கிரானின் பாத்தில் எஸ்பின் இருக்காது. தலையிலேயே பாத் எழுதச் சொன்னது இதற்காகத்தான். சிஸ்டம்டி டைமரும் நல்ல வழி. பெர்சிஸ்டென்ட்=ட்ரூ போட்டால், இயந்திரம் அணைந்திருந்த நேரத்தில் தவறிய ஓட்டத்தைத் திரும்ப எழுந்ததும் செய்துவிடும். கோப்பின் உரிமையாளர் ரூட், வேறு யாருக்கும் எழுதும் அனுமதி கிடையாது. உள்ளே இருக்கும் கட்டளைகள் படிப்பவை மட்டுமே என்று ஒரு முறை மேலிருந்து கீழ்வரை வாசித்து உறுதிசெய்யுங்கள். சோதிக்கும் சாக்கில் டிஸ்க்கில் எழுதும் எதுவும் இந்தக் கோப்புக்குள் வரக் கூடாது.

கடைசியாக, உண்மை டிஸ்க்கைப் பிடுங்காமலே சோதிக்கலாம். மோட்ப்ரோப் எஸ்சிஎஸ்ஐ_டீபக் என்று ரூட்டாக ஓட்டினால் நினைவகத்திலேயே 8 மெகாபைட் அளவுள்ள ஒரு பொய் ஸ்கஸி டிஸ்க் முளைக்கும். ஸ்கிரிப்டை ஓட்டுங்கள், 'புதிய டிஸ்க்' என்று சொல்ல வேண்டும். ஆர்எம்மோட் போட்டு அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். 'காணவில்லை' என்று வர வேண்டும். அப்புறம் ஒரு யூஎஸ்பி டிஸ்க்கைச் செருகி வைத்தபடியே இயந்திரத்தை ரீபூட் செய்து, மூன்றாவது முறை ஓட்டுங்கள். பெயர்கள் எப்படி நகர்ந்திருந்தாலும் அந்த யூஎஸ்பி டிஸ்க் ஒன்றுதான் புதிதாகத் தெரிய வேண்டும். என் பழைய ஸ்கிரிப்டை இப்படி ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன். மூன்று டிஸ்க்குமே புதிது என்றது.